வாத்துப் படம் போட்ட கேன்

நான் வேலை பார்த்த தோல் பதனிடும் டேனரியில் பழைய ஸ்டோர் ரூமை இடித்துவிட்டுப் புதுசாகக் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு கேன் மேலும் கோடு கோடாக ஒரு ஸ்டிக்கர். துப்பாக்கி மாதிரி ஒன்றை அதன் நேரே பிடித்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று கம்ப்யூட்டரில் வந்துவிடுகிறது. திறப்பு விழாவுக்கு என்னைக் கூப்பிட்டு மாலை போட்டார்கள். போடட்டும், போடவேண்டியதுதான். முப்பத்தோரு வருஷம் அந்த ஸ்டோரை நடத்தியவன் நான். அன்றைக்கு அங்கிருந்த ஸ்டோர் ஆட்கள் சுற்றி நின்றுகொண்டு, "பெரியவரே, இந்த மிஷின் எதுவும் இல்லாம எப்படி சமாளிச்சீங்க? விழா மலர் போடறோம், எழுதிக் குடுங்களேன்" என்றார்கள்.

எப்படிச் சமாளித்தேன் என்பதை எழுதுகிறேன். ஒரு தடவை சமாளிக்காமல் போனதையும் எழுதுகிறேன். என் பெரிய பெண் திருத்தித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாலாவதுதான் படித்தேன், ஆனால் என் கதையை எழுத எனக்கு யாரும் வேண்டாம்.

எங்கள் அப்பா தங்கவயல் சுரங்கத்து ஸ்டோரில் மூட்டை தூக்கியவர். சுரங்கத்தில் இறங்குகிறவனுக்கு விளக்கோ கயிறோ எது வேண்டுமானாலும் ஸ்டோர் கீப்பர் தலையாட்டினால்தான் கிடைக்கும். அப்பா வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது சொல்லுவார்: "வெள்ளைச் சட்டை போட்டுக்கினு நாற்காலியில ஒக்காந்திருக்கான்டா. இன்ஜினியரே வெளிய நின்னு கேக்கறான்." சொல்லும்போது அவர் முதுகு தானாக நிமிரும். எங்கள் வீட்டில் கலெக்டர் ஆகவேண்டும், டாக்டர் ஆகவேண்டும் என்று யாரும் கனவு கண்டதில்லை. அந்த நாற்காலிதான் எங்களுக்குக் கனவு.

சுரங்கத்தில் வேலை குறைந்துபோய் நாங்கள் ஆம்பூருக்கு வந்தபோது நான் மீசை முளைக்கிற வயசு. டேனரியில் பச்சைத் தோலில் உப்பு உதறினேன், சுண்ணாம்புக் குழியில் நின்றேன், தோல் ஊறுகிற பெரிய மர டிரம்மைச் சுற்றினேன், மருந்து மூட்டை சுமந்தேன். பத்து வருஷத்தை இப்படி ஒரே வரியில் சொல்லிவிடலாம்: கை வெந்தது, மூக்கு கூர்மையானது. என் மூக்கைப் பற்றி ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு வரைக்கும் பேசினார்கள். மூடிய கேனைத் தட்டி, மூடி ஓரத்தில் மூக்கை வைத்தேன் என்றால் எந்த மருந்து, பழசா புதுசா, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். ஒரு தடவை வந்து இறங்கிய, தோலைப் பதப்படுத்துகிற குரோம் உப்பு மூட்டையில் கலப்படம் என்று நான் சொல்ல, பரிசோதனை லேபில் சோதித்துவிட்டு அவர்களும் அதையே சொன்னார்கள். அந்த வாரமே பழைய ஸ்டோர் கீப்பர் வேலையை விட்டு நின்றுபோக, சாவி என் கைக்கு வந்தது. வெள்ளைச் சட்டை நாலு எடுத்தேன். அதைப் பார்க்க அப்பா இல்லை.

ஸ்டோர் கீப்பர் மாப்பிள்ளை என்றுதான் எஸ்தரை எனக்குக் கொடுத்தார்கள். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவள். எட்டாவது படித்தவள். கூடவே அவள் தம்பி சாமுவேலும் எங்கள் வீட்டோடு வந்தான். பெற்றவர்கள் போய்விட்டார்கள், அக்காள்தான் அவனுக்கு எல்லாம். பத்தாவது முடித்ததும் நான்தான் அவனை டேனரியில் சேர்த்துவிட்டேன்.

இனி ஸ்டோரைப் பற்றி. டேனரியில் தெரிந்துகொள்ளவேண்டிய முதல் விஷயம் ஒன்றுதான். தோலிலிருந்து முடியைக் கழற்றுகிற சல்பைடும் ஆசிட்டும் சேரக்கூடாது. சேர்ந்தால் ஒரு காற்று கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அப்புறம் நாற்றமே தெரியாது. நாற்றம் நின்றுவிட்டதே என்று நிம்மதியாக நிற்கிறவன் அப்படியே விழுவான். அதனால் என் ஸ்டோரில் சல்பைடு மேற்குச் சுவர் ஓரம், மரப்பலகை மேலே. ஆசிட் தனி ரூமில், தனி அகப்பை, தனி வாளி, தனி கையுறை. காலையில் சல்பைடு கொடுப்பேன், மத்தியானம் ஆசிட் கொடுப்பேன். இரண்டும் ஒரே நேரத்தில் என் வாசலைத் தாண்டாது. சூப்பர்வைசர் குதிப்பார், "அவசரம் மணி" என்பார். "அவசரம் உங்களுக்கு, ஸ்டோர் எனக்கு" என்பேன். இந்த முறையை எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நானாக ஏற்படுத்தியது. பிறகு நாலைந்து டேனரிகளில் இதையே பார்த்துச் செய்தார்கள்.

கேன்களில் வருகிற பேர்தான் எனக்குத் தொந்தரவு. எல்லாம் இங்கிலீஷ், சிலது வேறு ஏதோ தேசத்து எழுத்து. நான் என்ன செய்தேன் தெரியுமா? லேபிளைக் கிழித்துவிட்டு பெயின்டில் படம் போட்டேன். மீன் எண்ணெய்க்கு மீன். பச்சை நிறக் குரோமுக்குக் கிளி. சல்பைடுக்கு முட்டை. மூக்கில் கொட்டுகிற பார்மிக் ஆசிட்டுக்குத் தேள். நுரைக்கிற சோப்பு மருந்துக்குத் தண்ணீரில் நீந்துகிற வாத்து. சினிமா பேனர் போடுகிறவன்கூட அவ்வளவு சுத்தமாகத் தேள் போட்டிருக்கமாட்டான். பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் என் கிளியைப் படம் பிடித்துக்கொண்டு போனார்.

எஸ்தர் மட்டும் கேட்டாள்: "அம்மாடி, பெரிய ஆர்ட்டிஸ்டு! உங்க படத்தை வேற யாரு படிப்பாங்க?"

"நான் இருக்கற வரைக்கும் நான் படிப்பேன்."

"நீங்க இல்லாதப்ப?"

"நான் இல்லாதப்ப எனக்கு இன்னா கவலை?"

இப்படி இருக்கும்போது முதலாளி வீட்டில் யாரோ சொல்லி, கெமிஸ்ட்ரி படித்த ஒரு தம்பியை ஸ்டோருக்குப் போட்டார்கள். எனக்கு மேலே. என் நாற்காலியில் அவன், எனக்கு ஒரு ஸ்டூல். நல்ல பையன்தான், அவன் மேல் குற்றம் இல்லை. ஆனால் என் வயிறு எரிந்தது. அவன் வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நான் தனியாக ஸ்டோரைத் திறந்து, ஒரு காரியம் செய்தேன். பார்மிக் ஆசிட்டும் சோப்பு மருந்தும் ஒரே மாதிரி நீலக் கேனில்தான் வரும்; இடம் போதாமல் சோப்பையும் ஆசிட் ரூமிலேயே வைத்திருந்தேன். ஆசிட் கேனில் இருந்த தேளை அழித்துவிட்டு வாத்து போட்டேன். சோப்பு கேனில் தேள் போட்டேன். யூகித்துப் படிக்கிறவன் ஏமாறட்டும் என்று.

அந்தத் தம்பி எதையும் திறந்து முகர்ந்து பார்க்கிறவன். அதனால் ஒன்றும் ஆகவில்லை, பேஜார்தான் ஆனது. எடுத்ததைத் திரும்ப வைப்பதும், சூப்பர்வைசரிடம் திட்டு வாங்குவதுமாக இருபது நாள் பார்த்துவிட்டு, "அண்ணே, இது உங்க ராஜ்ஜியம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். நாற்காலி திரும்ப வந்தது. ஆனால் படத்தை நான் மாற்றவில்லை. புதுசாக வந்த கேன்களிலும் அப்படியே போட்டேன். எனக்கென்ன, மூக்கு இருக்கிறது. நாளைக்கு இன்னொரு படித்தவன் வரமாட்டானா?

எங்கள் மேனேஜர் கரீம் பாயைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். ஒல்லியான மனுஷன், குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. அவ்வளவு பெரிய கம்பெனிக்கு மேனேஜர், ஆனால் என் ஸ்டோர் வாசலில் செருப்பைக் கழற்றி, "வரலாமா மணி?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். ஒரு விஷயத்தில் சந்தேகம் வந்தால் சத்தம் போடமாட்டார். அதே கேள்வியை இன்னொரு நாள் கேட்பார். அதற்கும் அதே பதில் வந்தால் மூன்றாவது ஒரு நாளும் கேட்பார். அவரிடம் மூன்றாவது தடவையும் பொய் சொன்ன ஆளை நான் பார்த்ததில்லை.

எஸ்தருக்குப் பித்தப்பையில் கல் என்று வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் கொடுத்தார்கள். அதுவரைக்கும் நான் சேர்ந்தாற்போல் மூன்று நாள் லீவு எடுத்ததே இல்லை. யாரை ஸ்டோரில் விடுவது என்று பாய் கேட்டார். சாமுவேலை விடுங்கள் என்றேன். சொந்த மச்சான், எனக்கு மேலே வந்து உட்காரமாட்டான் என்று ஒரு தைரியம்.

முந்தின நாள் அவனை ஸ்டோரில் சுற்றிக் காட்டினேன். மீன், கிளி, முட்டை எல்லாம் சொன்னேன். அவனும் பேப்பரில் எழுதிக்கொண்டான். நீலக் கேன்கள் கிட்டே வந்ததும் அவனே, "இது இன்னா மாமா, வாத்து நுரை சோப்பு, தேள் ஆசிட்டு, அதான?" என்றான்.

அங்கே நான் வாயைத் திறந்திருக்கவேண்டும். ஆசிட் மத்தியானம்தான் கொடுப்பது வழக்கம், அவசரம் என்று எதையும் கொடுக்காதே என்று மட்டும் சொன்னேன். "இன்னா பெரிய வித்தை, ஒரு நாள்ல கத்துக்கினேன் பாத்தீங்களா" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு சீக்கிரம் எல்லாம் தெரிந்துவிட்டால் நான் எதற்கு என்று நினைத்தேன். மூன்று நாளில் நீலக் கேன் எதுவும் தேவைப்படாது என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலையில் தேவைப்பட்டது. சுண்ணாம்பும் சல்பைடும் போட்டு ஓடிக்கொண்டிருந்த டிரம்முக்குச் சோப்பு மருந்து ஒரு கேன் வேண்டும் என்று சீட்டு வந்தது. ஆசிட் என்றால் நான் சொன்னபடி மத்தியானம் வரை நிறுத்தியிருப்பான். சோப்புதானே. வாத்து போட்ட கேனை எடுத்து, ஆட்கள் டீ குடிக்கப் போயிருந்ததால் தானே வண்டியில் தள்ளிக்கொண்டு போனான். அவனுக்கு ஜலதோஷம். திறந்தபோது ஒன்றும் தெரியவில்லை. டிரம்மை நிறுத்தி, அதன் வாயில் கவிழ்த்தான்.

ஜிலானி என்ற டிரம் ஆள் டீ டம்ளரோடு திரும்பி வந்தபோது சாமுவேல் டிரம் மேடையில் விழுந்து கிடந்தான். ஜிலானி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடி, அவன் காலைப் பிடித்து இழுத்து வெளியே காற்றில் போட்டான். அந்த மனுஷன் அன்றைக்கு அவசரப்பட்டுச் சத்தம் போட்டுக்கொண்டு மூச்சு விட்டு ஓடியிருந்தால் இரண்டு பேரும் போயிருப்பார்கள்.

நான் ஆஸ்பத்திரியில் எஸ்தர் படுக்கைக்குப் பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். கம்பெனி டிரைவர் வந்து நின்றான். "மணிண்ணே, சாமுவேலைக் கீழ கொண்டாந்திருக்காங்க" என்றான்.

தையலைக் கையால் பிடித்துக்கொண்டு எஸ்தர் படியிறங்கினாள், சொன்னால் கேட்கவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். உள்ளே அவனுக்கு மூக்கிலும் வாயிலும் குழாய். கொஞ்ச நேரம் ஜெபம் பண்ணினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அவனுக்கு எல்லாம் சொல்லிக் குடுத்துட்டுத்தான வந்தீங்க?"

"சொன்னேன்" என்றேன்.

சாயங்காலம் கரீம் பாய் வந்தார். டாக்டரிடம் பேசிவிட்டு என்னிடம் வந்து, "படம் எல்லாத்தையும் சொல்லிட்டியா மணி?" என்றார். "சொன்னேன் பாய்" என்றேன்.

இரண்டு நாள் கழித்து கம்பெனிக்குப் போனேன். வாத்து போட்ட கேனை எடுத்துக் கொடுத்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதில் எப்படி ஆசிட் வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. சாமுவேல் எந்தப் படம் எந்த மருந்து என்பதைக் கவனிக்காமல் கேனை மாற்றி எடுத்துவிட்டான், பிழைத்து வந்தாலும் வேலைக்கு வைக்கக்கூடாது என்று சூப்பர்வைசர் எழுதிக் கொடுத்திருந்தார். பாய் அந்தப் பேப்பரை மேஜை மேல் வைத்துக்கொண்டு இரண்டாவது தடவை கேட்டார். "சொன்னேன் பாய். அவன்தான் கவனிக்கல" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் பேசிய வார்த்தைகளிலேயே கேவலமான வார்த்தை அதுதான். அவன் உள்ளே மூச்சுக்கு இழுத்துக்கொண்டு கிடக்கிறான். நான் வெளியே அவன் சோற்றில் மண் போடுகிறேன். எல்லாம் எதற்கு? ஒரு மர நாற்காலிக்கு.

மறுநாள் காலையில் ஸ்டோர் வாசலில் செருப்பு கழற்றுகிற சத்தம். "வரலாமா மணி?" என்றார். வந்தார். நேராக நீலக் கேன்களிடம் போய், வாத்து போட்ட ஒன்றைத் தானே திருகித் திறந்து குனிந்து முகர்ந்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. பக்கத்தில் இருந்த தேளைத் திறந்தார், முகர்ந்தார். இரண்டையும் மூடினார். பிறகு என்னைப் பார்த்தார். கேட்கவே இல்லை.

"நான்தான் பாய்" என்றேன். ஞாயிற்றுக்கிழமை செய்ததிலிருந்து ஒன்று விடாமல் சொன்னேன்.

கேட்டு முடித்ததும் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? வேலூர் பஸ் இப்ப இருக்கும், போ" என்றார்.

சாமுவேலுக்குக் குழாயை எடுத்துவிட்டு முகமூடி போட்டிருந்தார்கள். எஸ்தர் ஸ்டூலில் உட்கார்ந்து கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். கஞ்சி ஆற்றுகிற கை நின்றது.

"வாத்தை ஆசிட்டுக்குப் போட்டீங்களா?"

"ஆமா."

"இவன்கிட்ட சொல்லல?"

"சொல்லல."

"எங்கிட்ட சொன்னேன்னு சொன்னீங்க."

சாமுவேல் முகமூடியைக் கொஞ்சம் தூக்கினான். என்னைத் திட்டப்போகிறான் என்று நினைத்தேன். "எனக்கு வேலை போச்சா?" என்றான். குரல் உடைந்து காற்றாக வந்தது. "இல்லடா. போனா எனக்குத்தான் போவும்" என்றேன். முகமூடியைப் போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டான். எஸ்தர் கஞ்சியை எடுத்தாள். "வீட்டுக்குப் போங்க. பசங்க தனியா இருக்கும்" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு மாசம் சோறு போட்டாள், பேச்சு போடவில்லை.

எனக்கு வேலை போகவில்லை. போயிருக்கவேண்டும் என்று சூப்பர்வைசர் சொன்னார், நியாயம்தான். கரீம் பாய் என் கையில் ஒரு இரும்புத் தகட்டைக் கொடுத்து, "ஒரு படம் இருக்கக்கூடாது" என்றார். மூன்று நாள் சுரண்டினேன். நான் ஒவ்வொரு கேனாக முகர்ந்து பேர் சொல்ல, லேபிலிருந்து வந்தவர் பரிசோதித்துத் தமிழிலும் இங்கிலீஷிலும் பெரிசாக எழுதினார். என் மூக்கு ஒன்றில்கூடத் தப்பவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கிளியைச் சுரண்டும்போது மட்டும் கை கொஞ்சம் நின்றது. பிறகு எஸ்தர் பேசாமல் வைத்த சோறு ஞாபகம் வந்தது. சுரண்டினேன். நாற்பது வயசுக்கு மேல் இங்கிலீஷ் எழுத்துக் கற்றுக்கொண்டேன், ஆறே வாரத்தில்.

அந்த ஆறு வாரம் முடிந்து சாமுவேல் வந்தான். பாய் அதற்குள் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். இனி ஸ்டோருக்கு ஒரு ஆள் கிடையாது, இரண்டு ஸ்டோர் கீப்பர். கதவில் இன்னொரு கொண்டி அடித்து இரண்டாவது பூட்டு போட்டார். ஒரு சாவி எனக்கு, ஒரு சாவி சாமுவேலுக்கு. இரண்டு பேரும் வந்தால்தான் கதவு திறக்கும். ஒருத்தன் மேல் ஒருத்தனுக்குக் கோபம் என்று வீட்டில் இருந்துவிடவும் முடியாது.

இதற்குப் பிறகு நானும் அவனும் பதினேழு வருஷம் அந்தக் கதவைச் சேர்ந்து திறந்தோம். ஒரு ஆள்கூட மருந்தால் விழவில்லை. என் பெண்கள் இரண்டு பேர் கல்யாணத்திலும் பந்தலில் முன்னால் நின்றவன் அவன்தான். நான் ஓய்வு பெற்றதும் ஸ்டோர் முழுக்க அவன் பொறுப்பு. அந்தத் துப்பாக்கி மிஷினை முதலில் பிடித்தவனும் அவன்தான். அதெல்லாம் பிறகு. நான் சொல்ல வந்தது முதல் நாள் காலையை.

எட்டு மணிக்கு நான் என் பூட்டைத் திறந்துவிட்டு நின்றேன். சாமுவேல் மெலிந்திருந்தான், சட்டை தொளதொளவென்று இருந்தது. சாவி அவன் கையில் இருந்தது. பூட்டைத் திறக்கவில்லை. பின்னால் சீட்டை வைத்துக்கொண்டு நாலு பேர் காத்திருந்தார்கள்.

"மாமா" என்றான். ஆறு வாரத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

"சொல்லுடா."

"உள்ள நீங்க எங்கிட்ட சொல்லாதது இன்னும் இன்னா இன்னா இருக்குது?"

"ஒண்ணும் இல்ல" என்று வாய் வரைக்கும் வந்தது. நிறுத்திக்கொண்டேன். உள்ளே ஒவ்வொரு சுவராக மனசுக்குள் நடந்து பார்த்தேன்.

"ஒண்ணு இருக்குது" என்றேன். "ஆசிட் ரூம் பின்னால ஜன்னல்ல ஒரு கம்பி கழண்டு வரும். சாவிய வீட்ல மறந்துட்டு வந்தா நான் அது வழியாத்தான் உள்ள பூருவேன். பாய்க்குக்கூட தெரியாது."

அவன் என்னைப் பார்த்தான், கதவைப் பார்த்தான். புதுசாகப் பளபளத்த இரண்டு பூட்டுகளையும் பார்த்தான்.

"அப்ப இது ரெண்டும் எதுக்கு மாமா?" என்று கேட்டு, சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு இருமலாகி, சுவரைப் பிடித்துக்கொண்டு இருமி, மறுபடியும் சிரித்தான். பின்னால் நின்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, அவர்களும் சிரித்தார்கள்.

"போய் வெல்டரக் கூட்டிக்கினு வாங்க. கம்பிய ஒட்ட வச்சப்புறம் தொறக்கறேன்" என்றான்.

வெள்ளைச் சட்டையோடு வொர்க்ஷாப்புக்கு ஓடினேன். வெல்டர் முதலில் டீ குடிக்கணும் என்றான், அவன் மிஷினை நானே தூக்கிக்கொண்டேன். நான் பிடித்துக்கொள்ள அவன் கம்பியை ஒட்டவைத்தான். சாமுவேல் வந்து இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தான், அசையவில்லை. அதற்குப் பிறகுதான் முன்பக்கம் போய்த் தன் பூட்டில் சாவியைப் போட்டுத் திருப்பினான்.